எலுமிச்சைத் தூரில் போட்ட பஞ்சு

என் மகளும் மருமகனும் பக்கத்து ஊரில், மடவார் வளாகத்தில் வீடு கட்டியபோது, வாசலுக்கு முன்னால் இருந்த பத்தடி மண்ணில் சிமெண்ட் பூச மகள் விடவில்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்தாள். தண்ணீர் கஷ்டம். தூரில் மூடாக்குப் போட்டால் ஈரம் காயாது, களையும் வராது என்றாள். சருகுக்கு எங்கே போவது? இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்து ஓய்ந்த நூற்பாலையில் கேட்டு, இரண்டு சாக்கு கழிவுப் பஞ்சு கொண்டுபோனேன். தூரிலிருந்து கதவு நிலை வரைக்கும் ஒரு சாண் உயரத்துக்கு நானே பரப்பினேன். தினமும் ஊற்றிய தண்ணீர் வாரம் இரண்டு தடவையாகக் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னேன்.

அந்த வருஷம் மழை சரியில்லை. கார்த்திகை அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"ஏப்பா, பஞ்சு மேல வரிசையா அகல் வச்சிருக்கேன். பாக்க அம்புட்டு அழகா இருக்கு. வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் சொக்கப்பனை பாக்கப் போறோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கோவில் மேளத்தில் எங்கே கேட்கும்?

பஞ்சில் பிடிக்கிற நெருப்பு வெளியே தெரியாது. ஆலையில் ஒருநாள் ஒரு பேல், இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதி, தீப்பிடித்தது. வெளியே உருட்டி, ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்தோம். எனக்கு அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. மூன்றாம் நாள் அந்த பேலைப் பிரித்தவனுக்கு உள்ளங்கை வெந்துபோனது. மேலே தொட்டால் குளிர்ச்சி, உள்ளே கங்கு. இதைக் கண்ணால் பார்த்த நான்தான் மகள் வாசலில் பஞ்சைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

பஸ் பிடித்தேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"ஏ பெருசு, நீரு எந்திரிச்சா பஸ்ஸு வேகமாப் போயிருமா? ஒக்காரும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

வாசலில் தீயும் இல்லை, புகையும் இல்லை. அகல்கள் அழகாக எரிந்தன. ஒன்று மட்டும் எலுமிச்சைப் பக்கம் சாய்ந்து அணைந்து கிடந்தது. அந்த இடத்தில் கையை விட்டேன். சுட்டது. பிரித்தால் உள்ளே சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது, கதவு நிலையை நோக்கி.

அகலை எல்லாம் அணைத்தேன். கையில் அகப்பட்ட கம்பால் பஞ்சு முழுவதையும் தெருவுக்கு இழுத்துப் போட்டு, வாசல் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து ஊற்றினேன். மூச்சு வாங்கியது. அந்நேரம் மகளும் மருமகனும் வந்தார்கள்.

"என்னப்பா இது? நல்ல நாளும் அதுவுமா வாசலக் குப்பைமேடா ஆக்கி வச்சிருக்கீய?"

"உள்ள கங்கு கெடக்குட்டி."

"சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. இதுல என்ன கங்கு?" என்று சிரித்துக்கொண்டே குவியலுக்குள் கையை விட்டாள்.

வெடுக்கென்று இழுத்தாள். விரல்களை ஊதியபடி எரிந்த இடத்தையும் நிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு வாளியை எடுத்து வந்தாள்.