சத்தம் போடாமல் ஸ்டார்ட் ஆகும் கார்

நான் வாங்கிய ஹைபிரிட் கார், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே முனகும். கதவைத் திறந்தால் போதும், உள்ளேயிருந்து 'ங்ங்' என்றொரு சத்தம் எழுந்து சில நொடியில் அடங்கும். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் எங்கோ 'டக், டக்'. அவ்வளவுதான், இஞ்சின் உறுமாது. முதல் வாரம் முழுக்கப் பொத்தானை அழுத்துவதும் அணைப்பதுமாகவே இருந்தேன். பக்கத்தில் மனைவி செல்வி, வேலைக்கு நேரமாகிறதென்று மணிக்கூட்டைப் பார்ப்பாள்.

கடைசியில், கார் வாங்கிய இடத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய், "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்றேன்.

"அப்படியென்றால் இங்கே எப்படி ஓட்டி வந்தீர்கள்?" என்று கேட்டாள். அவள் பொறுமையாக விளக்கினாள். முனகுவது பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றும் பம்ப். 'டக்' என்பது பெரிய பற்றரி இணைவது. 'ரெடி' விளக்கு எரிந்தால் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். எல்லாமே நோர்மல்.

இந்த டொரொன்ரோ நகரத்தில் யாரிடமும் நான் சொல்லாத ஒன்றை ஊரிலுள்ள உங்களுக்குச் சொல்கிறேன். சுனாமி வந்த காலை, எங்கள் ஊரான தேற்றாத்தீவில், வீட்டு வளவுக்குள் நின்ற வேனிலும் இதே 'டக், டக்'தான் கேட்டது. செல்வி அயலாரோடு வாவிப் பக்கம் ஓடிவிட்டாள். பாரிசவாதத்தால் நடக்க முடியாத அப்பாவைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்திவிட்டுத் வேன் திறப்பைப் போட்டு முறுக்கினேன். மறுபடி முறுக்கினேன். கடல் இரைந்துகொண்டு வந்தது. "மனே, என்னை விட்டுட்டு ஓடு," என்றார் அப்பா. நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வேனைப் புரட்டியபோது ஒரு தென்னை என் கைக்கு அகப்பட்டது. அப்பா அகப்படவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான், புளியந்தீவில் கராஜ் வைத்திருந்த என் கூட்டாளி, ஏறாவூர் ரபீக், "செல்ப் மோட்டர் போகப்போகுது மச்சான், மாத்து, இல்லாட்டி வேன் ஸ்டார்ட் ஆகாது" என்றிருந்தான். கிறிஸ்மஸ் பெருநாள் முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

நாட்டில் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்த கிழமை ரபீக் போன் எடுத்தான். இங்கே காலை, அங்கே பின்னேரம். நான் காரடியில் நின்றேன். காரின் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன்.

"போனைக் கிட்டப் புடி, கேப்பம்," என்றான். கதவைத் திறந்தேன். "பம்ப்தான் மச்சான். நல்லா வேலை செய்யுது."

நாலு வருசத்துக்கு மேலாகத் தொண்டையில் நின்ற கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. "அந்த செல்ப்பை மாத்தியிருந்தா, அண்டைக்கு ஸ்டார்ட் ஆயிருக்குமா?"

போனில், அவனுக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"ஆயிருக்கும்," என்றான் ரபீக். "ஒனக்குப் பொய் சொல்ல மாட்டன். ஆனா நான் போய் உன்ட வீட்டு ஒழுங்கையை ரோட்டு வரைக்கும் நடந்து பாத்தன். தண்ணி வந்த வேகத்துக்கு நீ பெரிய ரோட்டுக்கு ஏறியிருக்க மாட்டாய். ரெண்டு பேருமே போயிருப்பீங்க."

கார் கூரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். செல்வி வந்து பக்கத்தில் நின்றாள். ரபீக்கும் போனை வைக்கவில்லை.

"கடல் புகுந்த உன்ட வளவுக் கிணத்தை ஆள் வச்சி இறைச்சன்," என்றான் பிறகு. "உப்பு போயிட்டு. நான் குடிச்சிப் பாத்தன். எப்ப வாறாய்?"

"வாறன்," என்றேன்.

அன்று செல்வியை வேலைக்கு இறக்கிவிட்டு, பெருந்தெருவில் ஏறித் தொழிற்சாலைக்குப் போனேன். வழியெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரின் ருசியை நாக்கில் தேடினேன். காலையில் குடித்த கோப்பியின் கசப்புத்தான் இருந்தது.