குரல் போன அன்றைக்கு நடத்தின பாடம்

மாசி மாசம், ஒரு புதன்கிழமை. விடிஞ்சு எழுந்ததும், கூடப் படிக்கிற ருக்மணியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காத்துதான் வந்தது. குரல் வரலை. அன்றைக்குத்தான் எனக்குப் பரீட்சைப் பாடம்!

கிருத்திகைதோறும் நம்ம குன்றில் கூடுகிற அன்பர்களே, அந்த நாளில் முருகன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியலைங்க.

நான் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரி. எட்டாவது தேறினதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கட்டிக்கொடுத்துட்டாங்க. இருபத்திமூணு வயசில் கையில் ஒரு பெண்ணோடு தாலியறுத்து நின்னேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். தருமபுரியில் பெண்களை டீச்சர் வேலைக்குப் பழக்குகிற ட்ரெயினிங் பள்ளிக்கூடம் ஒன்றில் எப்படியோ இடம் கிடைத்தது. என் வூட்டுக்காரரோட அண்ணன் ஒரே பேச்சாச் சொல்லிட்டார்: "தேறினா உம் பொண்ணை நீயே வச்சுப் படிக்க வை. தேறலையா, ரெண்டு பேரும் காட்டு வேலைக்கு வந்துருங்க. அதுக்கப்புறம் படிப்புங்கிற பேச்சே இந்த வூட்ல வரக்கூடாது."

என் பொண்ணு செல்லத்துக்கு அப்போ ஆறு வயசு.

நானோ பயந்தாங்கொள்ளி. கதவுக்குத் தாழ் போட்டோமா என்று மூணு தடவை எழுந்து பார்க்கிற ரகம். ட்ரெயினிங்கில் மாதிரிப் பாடம் என்று ஒன்று உண்டு. நிஜப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் நடத்தணும். கூடப் படிக்கிறவங்க பின்னால் உட்கார்ந்து குறை எழுதுவாங்க. எனக்கு எல்லாரும் எழுதினது ஒரே குறைதான். குரல் முதல் வரிசைக்கே எட்டலை. பக்கத்துப் பாயில் படுக்கிற ருக்மணி கேலி பண்ணுவாள்: "ஏனுங்க அக்கா, கொசுகூட உங்களைவிடச் சத்தமாப் பாடுதுங்க." பெரிய டீச்சரம்மாவோ கறாராச் சொல்லிட்டாங்க: "பரீட்சைப் பாடம் பார்க்க வர்ற இன்ஸ்பெக்டரம்மா முன்னாடியும் இப்படியே முணுமுணுத்தா, நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டு நாள், காலையும் சாயங்காலமும், ஏரிக்கரையில் நின்று எருமைகளுக்குப் பாடம் நடத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எட்டாம் நாள் குரல் கணீர்னு வந்தது. ஒன்பதாம் நாள் அடியோட போச்சு!

மிளகு மென்றேன். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டேன். ஒண்ணும் ஆகலை. முருகன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். 'அப்பனுக்கே பாடம் சொன்ன வாத்தியாரே! ஒரு அரைமணி நேரத்துக்குக் குரல் குடு. எனக்காக இல்லை, எம் பொண்ணுக்காக.' அழுகைக்குக்கூடச் சத்தம் வரலைங்க.

பத்து மணிக்கு ரெண்டாம் வகுப்பில் நின்றேன். பின்னால் இன்ஸ்பெக்டரம்மாவும் கூடப் படிக்கிறவங்களும். என் கையில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. அதுதான் பாடம். வாயைத் திறந்தேன். காத்து. முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்து, "டீச்சர் ஏனுங்க பேச மாட்டேங்கறாங்க? குருவி வாய்க்குள்ள போயிருச்சுங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பளிச்சென்று தோணுச்சு. முருகன் அப்பனுக்குப் பாடத்தைக் கத்தியா சொன்னார்? காதில்தானே சொன்னார்!

குனிந்து அந்தப் பெண்ணின் காதில், வர்ற காத்தை வச்சே கிசுகிசுன்னு சொன்னேன்: "கையை உள்ளே வுட்டுப் பாரு. எத்தனை அறை இருக்கு?"

கையை விட்டாள். துள்ளினாள். "ஏய், உள்ளார தடுப்பு வச்சிருக்குதுடீ! ரெண்டு ரூமு!"

அவ்வளவுதான். "எங் காதுல சொல்லுங்க டீச்சர்!" "எனக்குங்க, எனக்குங்க!" அடுத்தவள் காதில் கேட்டேன். சுவரில் ஒட்டியிருக்கிறது என்ன? "களிமண்ணுங்க!" இன்னொருத்தி காதில் கேட்டேன். வாசல் ஏன் கீழே பார்த்து இருக்கு? "பாம்பு வரக்கூடாதுன்னுங்க!" நான் குனியும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் ஒட்டுக் கேட்க மூச்சடக்கி இருந்தார்கள். நிமிர்ந்ததும் ஒரே ஆரவாரம்!

பாடம் முடிந்ததும் இன்ஸ்பெக்டரம்மா என்கிட்டே வந்தாங்க. "குரலுக்கு என்னம்மா?"

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். ருக்மணிக்கு வாய் சும்மா இருக்குமா? "எருமைக்குப் பாடம் நடத்தியே போயிருச்சுங்கம்மா!"

இன்ஸ்பெக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாங்க. "எல்லா வகுப்புலயும் டீச்சர் சத்தத்தைத்தான் கேட்டேன். இங்கதான் பிள்ளைங்க சத்தம் கேட்டுச்சு" என்றபடியே, 'தேறினார்' என்று என் கண் முன்னாலேயே எழுதினாங்க. எழுதினாங்க!

மூணாம் நாள் குரல் திரும்பிச்சு. அந்தக் குரலில் முதல் வேலையா "முருகா!" என்று கூப்பிட்டேன். ஓடிவந்து எட்டிப் பார்த்த ருக்மணி, "இதை அன்னிக்கே பண்ணியிருக்கலாமேக்கா" என்றாள்.

இப்போ அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரா இருக்கேன். செல்லம் என்னோடுதான். நாலாவது படிக்கிறாள். "வூட்டுலதான் கத்தற, பள்ளிக்கூடத்துல கத்தவே மாட்டேங்கறயேம்மா" என்று குறை சொல்கிறாள். தாழ்ப்பாளை இப்பவும் எழுந்து பார்க்கிறேன். ஆனால் ஒரே தடவைதான்.

பயந்து கிடக்கிற அக்கா தங்கச்சிமார்களே, வர்ற கிருத்திகைக்கு வாங்க. பெரிசாப் பாடி, உரக்க வேண்டத் தெரியலையேன்னு தயங்காதீங்க. மெதுவாச் சொன்னாலே போதும். காதோட சொல்ற பாஷை அவருக்கு நல்லாத் தெரியுமுங்க.