உரும்பிராய் முந்திரிகையும் அண்ணாவின் காலும்

காலை 5.10. வெள்ளவத்தையில் பஸ் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். ஆசனம் இரண்டாயிரத்து அறுநூறு ரூபா. எங்கள் ஊர் பஸ்கள் கொழும்புக்கு வந்தால் இங்கேதான் மூச்சு விடும். காலி வீதியோரம் உறவினர்கள் குடைகளோடு நின்று தங்கள் ஆட்களைக் கூட்டிப்போனார்கள். எனக்காக யாரும் வரவில்லை. அண்ணா ஆஸ்பத்திரியில். அவர் மனைவி, எனக்கு மச்சாள், கொட்டாஞ்சேனை வீட்டில் தனியே இருந்தார்.

என் மடியில் ஐந்து கிலோ முந்திரிகை. திராட்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அண்ணாவின் கால்விரல் கறுத்துவிட்டது என்று முதல்நாள் மச்சாள் போனில் அழுதபோது நான் செய்த முதல் வேலை, உரும்பிராயில் எங்கள் பந்தலுக்குப் போய்ப் பழம் வெட்டியதுதான்.

கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றர். திரீவீலருக்கு ஆயிரத்து இருநூறு ரூபா. ஓட்டியவர் கிராண்ட்பாஸில் இருக்கிறவர். பெற்றோர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்.

"என்னங்கம்மா பெட்டியில, திராட்சையா? வாசம் வருதே."

"ஓம். அண்ணாவுக்கு. சலரோகம், காலில ரத்தக்குழாய் அடைப்பு. இது நல்லது."

"எங்கம்மாவுக்கும் சக்கர வியாதிங்க. டாக்டரு இத அளவோடதான் திங்கச் சொல்லியிருக்காரு."

"அது கடைப்பழம். இது எங்கட தோட்டத்துப் பழம்" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காலை 6.00. வீடு துறைமுகத்துப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், இரண்டாம் மாடி. மச்சாள் கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய விரல்நகங்கள் ஊதாவாகக் கறைபிடித்திருந்தன. போன வருடம் யாரோ அனுப்பிய குரல்பதிவு ஒன்றில், முந்திரிகை இரத்தக்குழாயைச் சுத்தமாக்கும் என்று கேட்டேன். அண்ணாவுக்குச் சலரோகம், நடந்தால் கெண்டைக்கால் நோகும். அன்றிலிருந்து பழம் உள்ள காலமெல்லாம் கிழமைக்கொரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிட்டேன்.

கூடவே ஒரு புத்திமதியும் சொல்லியிருந்தேன். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நாங்கள் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம். அடித்த கைக்குத்தானே பயம் தெரியும். தோலை உரித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னேன். மச்சாள் பின்னேரங்களில் குந்தியிருந்து ஒவ்வொரு பழமாக உரித்து, விதை எடுத்து, சாறு பிழிந்து பெரிய கோப்பையில் கொடுத்திருக்கிறார்.

"குளிசை?" என்று கேட்டேன்.

மச்சாள் மேசை லாச்சியைத் திறந்தார். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்தவை, கொழுப்புக்குக் கொடுத்தவை எல்லாம் உடைக்காத அட்டைகளாகக் கிடந்தன. "வயித்தை எரிக்குது எண்டவர். பழம்தானே வேலை செய்யுது, இது என்னத்துக்கு எண்டு விட்டிட்டார்."

பகல் 12.00. பார்வை நேரம். அண்ணா கண்ணயர்ந்திருந்தார். வார்ட்டுக்கு வெளியே தமிழ் தெரிந்த இளம் டொக்டர் ஒருத்தி எங்களோடு கதைத்தாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நாளை மறுநாள். நான் பெரிய கெட்டிக்காரிபோல முந்திரிகைக் கதையைத் தொடங்கினேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. "அது முழுப் பொய்யில்லை அன்ரி" என்றாள். இரத்தக்குழாயின் உட்பக்கம் மெல்லிய ஒரு படலம் இருக்கிறதாம். குழாயை இளகி விரியச் செய்யும் ஒரு வாயுவை அந்தப் படலம்தான் விடுகிறது. முந்திரிகையில் நிறத்தையும் துவர்ப்பையும் தரும் பொருட்கள் அந்த வேலைக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம் என்று ஆராய்கிறார்களாம். "கொஞ்சம்தான். அடைச்ச குழாயை அது திறக்காது. குளிசையின்ர வேலையையும் செய்யாது. எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

மச்சாள் சொன்னார்.

"அந்தப் பொருட்கள் கூடுதலா இருக்கிறது தோலிலையும் விதையிலையும்தான்" என்றாள் டொக்டர் மெதுவாக. "மருந்தடிச்ச பழமெண்டா நல்லாக் கழுவியிருக்கலாம். இவருக்குப் போனது பெரும்பாலும் சீனி."

"உரிக்கச் சொன்னது நான்தான்" என்றேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒரு காலோடு நிறுத்தியிருக்கிறேன்.

படியிறங்கும்போது மச்சாள் என் கையைப் பிடித்தார். "அவருக்கு இதைச் சொல்லிப்போடாதை. தங்கச்சி அனுப்பினது, தங்கச்சி அனுப்பினது எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்ச மனுசன்." நானும் தலையாட்டினேன். சொல்லாமல் விடுவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மாலை 5.00. மறுபடி பார்வை நேரம். ஏழரைக்கு வெள்ளவத்தையில் எனக்குத் திரும்பும் பஸ். ஊரில் பழம் முற்றி நிற்கிறது, வேலையாட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அது இது என்று காரணங்கள் அடுக்கி வைத்திருந்தேன். உண்மையில் வெட்டுகிற நாளில் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. யன்னலுக்கு வெளியே மழை விடவேயில்லை. கொழும்பு மழை எங்கள் மழைபோல அடித்துவிட்டு ஓயாது, நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

அண்ணா விழித்திருந்தார். காலைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முகம் சவரம் செய்யாமல் வெளிறிப்போயிருந்தது.

"வெளிக்கிடுறியோ பிள்ளை?"

"ஓம் அண்ணா."

"போய் அடுத்த பெட்டியைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுவிடு." போர்வைக்குள் வலது காலை மெல்ல அசைத்துக் காட்டினார். "அது போனாப் போகட்டும். உன்ர பழத்தால இதையாவது காப்பாத்துவம்."

மச்சாள் என்னை வேண்டாம் என்பதுபோலப் பார்த்தார். நான் கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு உட்கார்ந்தேன். அன்று நான் பஸ் ஏறவில்லை.

"அண்ணா" என்றேன், "நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்."