தொடுவாய்க்கு அங்கால்

பின்னேரம் மூன்றேகால். மகளின் சிநேகிதி தனியாக வந்து படலையில் சைக்கிளைச் சாய்த்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். கெட்ட செய்தி வரும் நேரத்தைப் பார்த்து வைப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று.

"அன்ரி, அவ தொடுவாய்க்கு அங்கால நிக்கிறா. போனிலையும் சார்ஜ் இல்லை."

"அப்ப நீ எப்பிடி இங்கால வந்தனீ?"

"நான் பாஞ்சிட்டன். அவ படம் எடுத்துப்போட்டு வாறன் எண்டவ. அதுக்குள்ள அகண்டிட்டுது."

மாரியில் நந்திக்கடல் என்னும் களப்பு நிரம்பி வயல்களுக்குள் ஏறும். அப்போது களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணலை ஓரிடத்தில் வெட்டிவிடுவார்கள். அந்த வாயைத்தான் தொடுவாய் என்போம். வெட்டத் தொடங்கும்போது சின்னப்பிள்ளையும் தாண்டலாம். பிறகு யாரும் வெட்டத் தேவையில்லை. தண்ணீரே இரண்டு கரையையும் பாளம் பாளமாக விழுத்தி, பொழுதுபட முன்னரே ஆறாகிவிடும். மகளுக்குப் புவியியல் ஒப்படை, எங்கள் கரையோரத்தின் நிலவுருவங்கள் பற்றியது. அதற்காகத்தான் பார்க்கப் போனாள்.

கணவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். "பதறாதை. அவளுக்கு நீந்தத் தெரியும்."

"அந்தத் தண்ணியில மாடே நீந்தாது."

"உன்ர மகள் மாட்டைவிடக் கெட்டிக்காரியெல்லே."

பயந்தால்தான் அவர் பகிடி விடுவார். வழியில் இன்னும் இரண்டு விட்டார்.

முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகலுக்குப் போகும் அந்த வீதி மணல் திட்டின் முதுகில்தான் போகிறது. கிழக்கே பெருங்கடல், மேற்கே களப்பு. மகளின் பாடப்புத்தகம் இதை இரண்டு வரியில் முடிக்கிறது. அலை கொண்டுவந்து சேர்த்த மணலாம், அலையே அதைக் கொண்டும் போகுமாம். இந்த மணலைத்தான் யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்களுக்குப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். வரைபடத்தில் கோடு கீறியவர்களுக்கு இதன் அகலம் தெரிந்தே இருந்திருக்கும். வடக்கிலிருந்து ஒரு படை இறங்கியது, தெற்கிலிருந்து ஒன்று ஏறியது, களப்புக்கு அப்பால் ஒன்று நின்றது, கடலில் கப்பல்கள். உள்ளே எங்களோடு, வெளியே போகவிடாத துவக்குகளும் இருந்தன. குழி வெட்டினால் முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஊறும். கூறைச்சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தோம். இன்றைக்குத் தெற்கிலிருந்து பஸ்களில் வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் எந்தப் படைப்பிரிவு எந்தப் பக்கத்தால் வந்தது என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். அவர்கள் கை நீட்டும் இடம் நாங்கள் உலை வைத்த குசினி. சில குடும்பங்களுக்கு அதுவே சவக்காலை.

தொடுவாயடியில் சனம் கூடி நின்றது. வயல்காரரும் மீன்பிடிகாரரும் வாய் வெட்டினது பற்றிய சண்டையை இன்னும் விடவில்லை.

"போகுது பார், எங்கட இறால் எல்லாம் கடலுக்கு. இப்ப வயிறு குளிர்ந்துதோ?"

"இறால் அடுத்த மாரிக்கும் வரும். அழுகின நெல்லு வருமே?"

"நெல்லு அழுகினா உனக்கு நிவாரணம். எங்களுக்கு ஆர் தாறது, உன்ர மாமனோ?"

அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். எதிர்க்கரையின் விளிம்பில், புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் இருந்தாள். நடுவே மண்ணிறத் தண்ணீர் கடலை நோக்கிப் பாய்ந்தது. அவளுக்கு முன்னால் இருந்த மணல் வெடித்து, சாய்ந்து, விழுந்தது. பின்னால் உயரமான மணல் இருந்தது. நாலு எட்டு நடந்தால் போதும். அவள் எழும்பவில்லை. அதற்கும் பின்னால், படைமுகாம் வேலியடியில் நின்ற இரண்டு பேர் தொலைபேசியில் தண்ணீரைப் படம் பிடித்தார்கள்.

"பின்னால போ!" என்று கத்தினேன். அலை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் வீசினேன். அவள் என்னைக் கண்டுவிட்டாள். கையை உயர்த்திக் காட்டிவிட்டு, இன்னும் ஒழுங்காகச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கிய கையோடு பழக்கியது இது: பிரிந்துபோனால் நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது, தேடிக்கொண்டு வருவது அம்மாவின் வேலை. அந்த நாட்களில் என் தம்பி என்னைத் தேடி எழும்பிப் போனவன். போன திசைகூட எங்களுக்குத் தெரியாது. இங்கே அநேகம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லி வளர்க்கிறோம். சந்தைக்கும் திருவிழாவுக்கும் அது சரி. கரைந்துபோகும் மணலுக்கு என்ன சொல்ல வேண்டுமென்று நான் யோசித்ததில்லை. நான் கை வீச வீச, அம்மா வருகிறா என்று அவள் அசையாமல் இருந்தாள். நான் கையைக் கீழே போட்டேன். போட்டால் எழும்புவாளோ என்று பார்த்தேன். எழும்பவில்லை.

கணவர் செருப்பைக் கழற்றினார். நான் அவருடைய சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இறாலுக்காகக் கத்திக்கொண்டிருந்த மீன்பிடிகாரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்கரையைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களப்புப் பக்கமாக ஓடி, தோணியை அவிழ்த்தார். இழுப்புக் குறைந்த இடத்தால் வளைத்து, கோலால் தாங்கிக்கொண்டு போனார். அக்கரையில் அவர் குனிவதும் மகள் தலையாட்டுவதும் தெரிந்தது. அவர் கை ஓங்குவதும் தெரிந்தது. அவர்கள் தோணியில் ஏறிய பிறகு, அவள் இருந்த இடம் தண்ணீருக்குள் போனது.

தோணி எங்கள் கரையில் முட்டியது. மகளின் கன்னம் சிவந்திருந்தது. அவள் அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் தாங்குகோலை மணலில் குத்தி மூச்சு வாங்கினார்.

"கோவிக்காதேங்கோ அக்கா, ஒரு அடி போட்டுத்தான் ஏத்தினனான். ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போவினம் எண்டு இந்த மண்ணில இருக்கலாமே?"