பிலாத்துவுக்காக இழுத்துப் படித்தேன்

பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கும்போது, திண்டிவனத்தில் எங்கள் கோயிலில் இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்து என்றால் தொம்மை மாமாதான். என் அக்கா அமலோற்பவமேரியின் வீட்டுக்காரர். டயர் கடை வைத்திருந்தவர். லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மைக்கே வேண்டாம்.

பார்க்கின்சன் நோய் வந்து அந்தத் தொண்டையைத்தான் பிடித்தது. குரல் உள்ளே போய்விட்டது, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், கத்திப் பேசிப் பழகச் சொன்னாள். மாமா வீட்டில் கத்தியதும், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து எதிர்வீட்டுப் பிரபாவதி விலக்கிவிட ஓடி வந்தார். மாத்திரை வேலை செய்யும்போது பேச்சு தெளியும். கூடவே தோளும் காலும் தாமாக ஆடும். குடித்திருக்கிறார் என்று பேசியவர்களை அக்கா சும்மா விடவில்லை.

இந்த வருஷம் பிலாத்துவை வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டார்.

"ஒருவாட்டி வுட்டா போச்சு மச்சான். அப்புறம் என்னை ஒக்கார வெச்சிடுவாங்க" என்றார் மாமா. அவர் நன்றாகப் படிப்பார் என்று சாமியாரிடம் நான்தான் உறுதி சொன்னேன்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்கு வந்தவர் வாயைத் திறந்தால் வெறும் காற்று. கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அக்கா சந்தேகப்பட்டு மாத்திரை டப்பாவைத் திறந்தாள். மதிய மாத்திரை அப்படியே இருந்தது.

"இன்னாத்துக்குப் போடல?"

"ஒருசந்தி" என்று முணுமுணுத்தார். விரதம் கெட்டுவிடுமாம்.

"மாத்திரை இன்னா பிரியாணியா? அறுபது தாண்டினவங்களுக்கு ஒருசந்தியே கடமை இல்லன்னு சாமியாரு சொல்லிக்கினு இருக்காரு!"

அங்கேயே தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தாள். அது வேலை செய்ய முக்கால் மணி நேரமாவது ஆகும்.

பேச்சுகளுக்கு நடுவே வரும் வரலாற்றை வாசிப்பவன் நான். பிலாத்து நடுவில்தான் வருவார். அதுவரை நேரத்தை இழுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்தேன். வராத இருமலெல்லாம் இருமினேன். பசியோடு நின்ற சனங்கள் கால் மாற்றி நின்றார்கள். இயேசுவின் பகுதியை வாசித்த சாமியார் என்னை முறைத்தார். பெரிய வெள்ளியும் அதுவுமாகத் திருட்டு வேலை செய்கிறோமே என்று பயமாகத்தான் இருந்தது.

பிலாத்துவின் முறை வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமாவின் தோள் மெல்ல ஆடத் தொடங்கியிருந்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமா மூச்சை இழுத்துக் குரலெடுத்தார். மைக் கீச்சிட்டது. தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை விழித்து அழுதது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கி அடுத்த வரி தெரியவில்லை. இந்த முறை உண்மையாகவே நின்றுவிட்டேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் சாமியார் நேரே எங்களிடம் வந்தார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு உடம்புக்கு என்ன? அடுத்த வருஷம் வேற ஆளைப் போட்டுடறேன்."

"போடுங்க சாமி, ரொம்ப இழுக்கறான்" என்றார் மாமா, தெரு முழுக்கக் கேட்கும்படி.