ஜங்லிகாட்டிலிருந்து பெரார்கஞ்ச் வரை, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தை

போன வாரம் சென்னையிலிருந்து பேத்தி போன் செய்தாள். அவளிடம் இருப்பது சின்னக் கார். ஐந்து மாதக் குழந்தைக்கு இருக்கை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். குழந்தையை வண்டி போகும் பக்கம் பார்க்க வைக்கக் கூடாது, பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கு ஆள் பேச்சு. கால் மடங்கும், பிள்ளைக்கு மூச்சு முட்டும், அம்மா முகம் தெரியாமல் அழும் என்று. "பாட்டி, நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் அந்தமானில் இருந்தபோது அவளுடைய அம்மா செல்வியை அப்படித்தான் கொண்டுபோனோம். அப்படி ஒரு இருக்கை உலகத்தில் விற்கிறது என்றே அப்போது எங்களுக்குத் தெரியாது. பேத்திக்குச் சொன்னதை, கைக்குழந்தையோடு காரில் கிளம்பும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், மழை ஓய்ந்த ஒரு ஜனவரி. என் வீட்டுக்காரர் போர்ட் பிளேரில் அரசு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பெரார்கஞ்சுக்கு மாற்றல் வந்தது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப் லாரியிலேயே நாங்களும் போய்விடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் செல்வி நாள் நிறையும் முன்னே பிறந்தவள். ஏழு மாதமாகியும் தலை நிற்கவில்லை. தூக்கினால் ஒரு கை எப்போதும் பிடரியில் இருக்க வேண்டும். "மெல்ல நின்றுவிடும், பயப்படாதீர்கள். ஆனால் லாரியில் கொண்டுபோகாதீர்கள், கழுத்து குலுங்கக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜங்லிகாட்டில் எங்கள் பக்கத்துக் கடை காசிம் பாயுடையது. ராமநாதபுரத்துக்காரர். மெட்ராஸிலிருந்து கப்பலில் ஏற்றி வந்த இரண்டு கதவுச் சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். உப்புக் காற்றில் அடிப்பக்கம் துருப்பிடித்த கார்தான், ஆனாலும் அதன்மேல் அவருக்கு உயிர். "தங்கச்சி, பிள்ளைக்குன்னா எடுத்துக்கோங்க. மறுநாள் கொண்டாந்து விட்டாப் போதும்" என்றார்.

கார் கிடைத்துவிட்டது. அதில் குழந்தையை எப்படி வைப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை. மடியில் வைத்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன் நான். என் மாமியார் ஒரே பிடியாக நின்றார். "பின்னாடி சேலையில தூளி கட்டுடா ராசு. குலுங்கவே குலுங்காது. நீயெல்லாம் தூளியிலதான் வளர்ந்த." ராசு என்பது என் வீட்டுக்காரர். அவர் காசிம் பாய் கடைத் தராசில் ஒரு தட்டில் செல்வியைத் துண்டோடு கிடத்தி, மறு தட்டில் பறங்கிக்காய்களை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தார்.

"என்னடா செய்யுற? பிள்ளையப் போயி காயோட நிறுத்துக்கிட்டு! கண்ணு பட்டுறாது?"

"பிள்ளைய வெச்சுப் பழக முடியாதுல்ல ஆத்தா. காய வெச்சுப் பழகிக்கிறேன்."

அவள் எடைக்கு ஒரு காய் சரியாக நின்றது. அதன் மேல் ஒரு சின்னத் தேங்காயைத் துண்டில் முடிந்து தளர்வாகக் கட்டினார். அது தலையாம். அந்தத் தளர்ந்த துணிதான் கழுத்து. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், தேங்காய் ஒரு பக்கம் சாய்ந்தபோது அதைத் தாங்க என் கை தானாக நீண்டது. அசப்பில் செல்வி மாதிரியே சாய்ந்தது.

செல்வியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வண்டியை லம்பா லைன் பக்கம் கொண்டுபோனோம். அங்கேதான் கொஞ்சம் சமமான ரோடு, கூட்டமும் இருக்காது. மாமியார் முன்சீட்டில் காயை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். சைக்கிளைவிடச் சற்று வேகமாகப் போய் இவர் பிரேக்கை அழுத்தினார். காய் கையை விட்டுப் பறந்து முன்பலகையில் மோதி, கால்மாட்டில் உருண்டது.

"நழுவ விட்டுட்டீங்களா ஆத்தா?" என்று பின்னால் இருந்த காசிம் பாய் கேட்டார்.

"நான் எங்க விட்டேன்? பிடுங்கிக்கிட்டுல்ல போச்சு!"

அடுத்தது தூளி. மாமியாரின் நல்ல சேலையில் அவரே முடிச்சுப் போட்டார். மெதுவாகப் போகும்வரை தூளி சொகுசாகத்தான் ஆடியது. பிரேக் போட்டதும் முன்சீட்டின் முதுகில் போய் இடித்தது, திரும்பி வந்து கதவில் இடித்தது. காயில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. மாமியார், "திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்குவோம்" என்று முனகியபடி சேலையை அவிழ்த்தார்.

மூன்றாவதாக, செல்விக்கென்று வாங்கியிருந்த பிரம்பு நாற்காலி. அங்கே பிரம்புக்குப் பஞ்சமில்லை. கிண்ணம்போல் குழிவான நாற்காலி. அதன் கால்களை அறுத்துவிட்டுப் பின்சீட்டில் வைத்து, முன்பக்கம் பார்க்க, காயையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். பிரேக் போட்டதில் காய் அசையவில்லை. ஆனால் தேங்காய்த் தலை முன்னால் மடிந்து காயின் வயிற்றில் 'டக்' என்று அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. உடம்பைக் கட்டிவிடலாம், தலையை எப்படிக் கட்டுவது?

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிரேக் போட்டால் ஏன் இப்படி ஆகிறது என்று படித்தவர்கள்போல் விளக்க எனக்கு வராது. ஆனால் லாரியில் போய்வந்தவள். லாரியின் பின்னால் ஏறும் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் அடித்துக்கொள்வோம். டிரைவர் கேபினுக்கு முதுகு கொடுத்து உட்காரும் இடம். பிரேக் போட்டால் மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். அங்கே இருப்பவளைக் கேபின் பலகை தாங்கிக்கொள்ளும், தலை முதல் இடுப்பு வரை.

"நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. முதுகு முன்சீட்டுல சாயட்டும்" என்றேன்.

திருப்பிப் போட்டார். இரண்டு கதவு வண்டியில் முன்சீட்டு மடங்கும் என்பதால் அதை அடிச்சட்டத்தோடு சேர்த்து இறுகக் கட்டி, நடுவே கம்பளியை மடித்துச் செருகினார். பிரேக் போட்டார். தேங்காய் பிரம்பில் பதிந்து நின்றது. இன்னும் வேகமாகப் போய் மறுபடி போட்டார். அப்போதும் அப்படியே.

மாமியார் ஒப்பவில்லை. "புது வீட்டுக்குக் குடி போற பிள்ளை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போறது? ஆகாது."

"அத்தை, லாரியில ஏறினா நீங்க எங்க உக்காருவீங்க?"

"அது என் இடுப்பு வலிக்காக."

"போன மாசம் அந்த இடத்துக்குத்தானே ஒரு பெங்காலி அம்மாகூடச் சண்டை போட்டீங்க ஆத்தா?" என்றார் காசிம் பாய்.

மாமியார் அவரை முறைத்தார். வெடித்த பறங்கிக்காயை எடுத்து, வெடிப்பில் விரல் விட்டுப் பார்த்தார். "சரி. ஆனா வாசல்ல பிள்ளை வீட்டைப் பார்த்துத்தான் போகணும். அதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார். வழி யாருக்கும் தெரியவில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சை முடித்தோம்.

மறுநாள் விடியற்காலை கிளம்பினோம். கராச்சரமா, சௌல்தாரி, துஷ்னாபாத் வழி. இன்றைய கணக்கில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இன்று ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், அன்று நான்கு மணி நேரம் பிடித்தது. பாதி தார், பாதி சரளை. செல்வியின் இருக்கையைத் தாங்கும் முன்சீட்டில் நான். சீட்டுக்கு இந்தப் பக்கம் என் முதுகு, அந்தப் பக்கம் அவள் முதுகு. அவளுக்குப் பக்கத்தில், பின்சீட்டில் மாமியார். பெற்றவளுக்குப் பிள்ளை முகம் தெரியாது. மாமியார் சொல்லித்தான் எனக்கு எல்லாம். "முழிச்சிருக்கா." "கையைச் சப்புறா." "என்னைப் பார்த்துச் சிரிக்கிறா, உன் மாதிரி முறைக்கலை." சௌல்தாரி வருவதற்குள் இப்படிப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அதுவரை நாங்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

துஷ்னாபாத் தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் ரோட்டுக்குக் குறுக்கே யானை. வனத்துறையின் யானை, பின்னால் சங்கிலியில் பெரிய மரக்கட்டை. "ருக்கோ! ருக்கோ!" என்று, நிறுத்தச் சொல்லிப் பாகன் கத்துகிறான். இவர் பிரேக்கை மிதித்தார். என் நெற்றி முன்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது, இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டேன். பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திரும்பினால் என்ன தெரியுமோ என்று எனக்குக் கழுத்தே திரும்பவில்லை. "அத்தை" என்றேன். "அத்தை!"

"கத்தாதத்தா. என் மண்டைதான். சீட்டுக் கம்பியில இடிச்சிட்டேன்." ஒரு மூச்சு விட்டார். "அவ அசையலை. வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்கா. என் மூஞ்சியப் பார்த்துச் சிரிக்கிறா, கழுத!"

நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். மாமியார் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். செல்வியின் தலை பிரம்பில் பஞ்சுபோல் சாய்ந்திருந்தது. பிடரியில் கை வைத்துப் பார்த்தேன். அழுதது நான்தான். யானை ஆற அமரக் கட்டையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

பெரார்கஞ்சில் குவார்ட்டர்ஸ் ஒரு மேட்டின்மேல். மேட்டின் அடியில் வண்டி நின்றதும் மாமியார் கேட்டார், "இப்ப என்ன வழி?" இவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். ரிவர்ஸ் கியர் போட்டார். நான் இறங்கிப் பின்னால் நின்று வழி சொல்ல, கார் பின்பக்கமாகவே மேடேறியது. பின்கண்ணாடி வழியே புது வீட்டை முதலில் பார்த்தது செல்விதான்.

பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் வாசலில் நின்று சிரித்தார். "அரே பாய், காடி உல்டா க்யோங்?" வண்டி ஏன் பின்புறமாக வருகிறது என்று கேலி.

வீங்கிய நெற்றியோடு இறங்கிய என் மாமியார், தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டிப் பதில் சொன்னார்: "காடி உல்டா. பச்சா சீதா." வண்டிதான் பின்புறமாக வருகிறது, பிள்ளை நேராக இருக்கிறது.

செல்விக்கு அடுத்த மாதத்திலேயே தலை நின்றது. இன்று அவள் நிமிர்ந்து நடக்கிற நடையைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. எங்கள் பிரம்பு நாற்காலியை யாரும் பார்த்துச் செய்யாதீர்கள். அன்று வேறு இல்லை, வண்டியும் மெதுவாகத்தான் போனது. இன்று முறையாகச் சோதித்த இருக்கை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் வண்டியிலேயே பொருத்திப் பாருங்கள். சின்னக் காரில் முன்சீட்டை முன்னால் தள்ள வேண்டி வரும், அப்புறமும் ஆள் முழங்கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். பொருத்திய பிறகு பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. ரொம்ப நிமிர்த்தி வைத்தால் பிள்ளையின் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு முட்டும், அந்தச் சாய்வைக் கடைக்காரரையே சரிசெய்து தரச் சொல்லுங்கள். ஏர்பேக் என்கிற காற்றுப்பை இருக்கும் முன்சீட்டில் பின்பக்கம் பார்க்கும் இருக்கையை வைக்கவே கூடாது என்று பேத்தி சொன்னாள். கால் மடங்குகிறது என்று அவசரப்பட்டு முன்பக்கம் திருப்பாதீர்கள், அந்த இருக்கை தாங்கும் எடையும் உயரமும் வரும்வரை அப்படியே இருக்கட்டும். பெரியவர்களும் பெல்ட் போடுங்கள். என் மாமியாரின் நெற்றி ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் செல்வியின்மேல்தான் விழுந்திருக்கும்.

பேத்தி நேற்று இருக்கை வாங்கிவிட்டாள். பொங்கலுக்குக் குழந்தையை அதில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறாள். தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பின்னால் நின்று வழி சொல்ல நான் இருக்கிறேன்.