பெட்டிக்குக் காற்றா, ஸ்பிரிங்கா

சண்டைக் காலத் தடையால் மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் நாங்கள் மறுபடி துலாவுக்குப் போன காலத்தில்தான் அண்ணை விழுந்தார். நீர் இறைக்கும் மெஷின் கிணற்றடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கிடைக்கிற கொஞ்ச மண்ணெண்ணெய் லாண்ட்மாஸ்டர் ஓடத்தான் போதும். துலா மிதிக்கிறவர் உயரத்தில், நீர் இறைக்கும் அந்த நீள மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடக்க வேண்டும். இளவயதில் பழகிய கால் மறக்காது என்று அண்ணை ஏறினார். ஒருநாள் விடியற்காலையில் கால் தவறியது. வலது தொடை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று நான் சொன்னேன். அண்ணை முறிவுப் பரியாரியாரிடம்தான் போவேன் என்றார். எங்கள் அப்பாவின் முறிந்த கையும் அவரிடம்தான் சேர்ந்தது. அன்றைக்கு நாலு பேர் ஒரு கதவுப் பலகையில் வைத்துத் தோளில் தூக்கிப் போனோம். பரியாரியார் எலும்பைச் சேர்த்து, எண்ணெய் விட்டு, மருந்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். பத்து மாற்ற அடிக்கடி கொண்டுவர வேண்டும் என்றார். அவர் வயதாளி, முற்றம் நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள். வீடு வீடாகப் போவதில்லை.

ஒவ்வொரு முறையும் தூக்க நாலு பேரை எங்கே தேடுவது? அடுத்த முறை லாண்ட்மாஸ்டரில் கொண்டுபோனோம். அது இரண்டு சில்லு உழவு மெஷின். பின்னால் கொழுவும் பெட்டிக்கும் இரண்டு சில்லுதான். பெட்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, அச்சை நேரே சட்டத்தோடு பூட்டியிருக்கும். எருவும் வெங்காயமும் ஏற்ற அது போதும். வழியோ முதலில் தோட்டத்து ஒழுங்கை, பிறகு மாடு மேய்கிற வெளி, பிறகு வெறும் கல்லுத் தரை. வைக்கோலை மெத்தை மாதிரிப் பரப்பித்தான் அண்ணையைக் கிடத்தினோம். போய்ச் சேரும்போது அவருடைய வேட்டித் தலைப்பு வாய்க்குள் இருந்தது. கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பரியாரியார் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எலும்பு மயிரளவு விலகியிருக்குத் தம்பி. அதைச் சரிக்கட்டிப்போட்டன். இன்னொருக்கா உப்பிடிக் குலுக்கிக் கொண்டுவந்தால் திரும்ப முறிச்சுத்தான் கட்ட வேணும். பிறகு கால் கட்டையாப் போச்சுதெண்டு என்னைக் கேளாதேங்கோ."

ஒரு கால் குட்டையாகிப் போனால் அண்ணைக்குத் தோட்டம் இல்லை. ஐந்து பிள்ளைகள். பெட்டி குலுங்கக்கூடாது என்பதைத் தவிர அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு கதை இருக்கவில்லை.

அச்சுவேலியில் கராச் வைத்திருந்தவர் ஒருவர் லாண்ட்மாஸ்டரைத் திருத்த வருவார். அவர் பெட்டியின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, பழைய லொறி ஒன்றின் ஸ்பிரிங் தகடுகள் தன்னிடம் கிடக்கின்றன, வெட்டிப் பூட்டலாம் என்றார். அண்ணியின் தம்பி, எனக்கு மச்சான், முன்பு பஸ் டிப்போவில் வேலை செய்தவர். அவருக்கு அது பிடிக்கவில்லை. பெட்டிக்குள் நாலு மூலைக்கும் காற்றடித்த ரியூப் வைத்து, மேலே பலகையைப் போட்டு ஆளைக் கிடத்த வேண்டும் என்றார்.

"காத்தை நம்பி மனுசனை ஏத்துவினமே?" என்றார் கராச்காரர். "ஸ்பிரிங்குக்கு முள்ளுக் குத்தாது. ஓட்டை ஒட்டச் சொலூசன் தேடி அலையவும் தேவையில்லை."

"உங்கடை ஸ்பிரிங் லொறிக்கு அடிச்சது. அத்தான் என்ன சீமெந்து மூட்டையே?"

"உம்மடை அத்தான் என்ன பலூன் ஏறி நல்லூர்த் திருவிழாவுக்கோ போறார்?"

உள்ளே கிடந்த அண்ணை, "ரெண்டு பேரும் என்னைத் தூக்கி ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறதுக்கு முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார்.

ரியூப் கையில் இருந்தது, செலவும் இல்லை. முதலில் காற்றுத்தான் என்று முடிவாகியது. மச்சான் நாலு ரியூபுக்கும் அளவாகக் காற்றடித்து, பலகையில் தானே படுத்து, என்னை மேய்ச்சல் வெளியில் ஓட்டச் சொன்னார். தொட்டில் மாதிரி இருக்கிறது என்றார்.

பத்து மாற்றும் நாள் வெள்ளிக்கிழமை. தூக்கி ஏற்ற வந்தவர்கள் தங்கள் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் அண்ணையை நேரத்தோடேயே பலகையில் கிடத்திவிட்டோம். புறப்படப் பார்த்தால் ராகுகாலம் தொடங்கிவிட்டது. எலும்பு சேர வேண்டிய பயணம், அது கழியட்டும் என்று நான் சொன்னேன். அண்ணியும் ஓம் என்றார். நான் இன்றைக்கும் ராகுகாலம் பார்க்கிறவன்தான். அண்ணைக்கு ஒருவர் குடை பிடித்தார். ரியூபுக்கு யாரும் குடை பிடிக்கவில்லை. வெயில் ஏற ஏற உள்ளே காற்று விரிந்து ரியூப் கல்லாகிக்கொண்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

வெடித்த சத்தத்தில் ஒழுங்கையில் நின்ற எல்லாரும் நிலத்தில் குப்புறப் படுத்தார்கள். குடை பிடித்தவரும் படுத்தார், நானும் படுத்தேன். அண்ணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டார். பொம்பர் விமானங்கள் குண்டு போட்ட அந்த நாட்களில் சத்தம் கேட்டால் யோசித்துவிட்டுப் படுப்பதில்லை.

"எல்லாரும் எழும்புங்கோ" என்று அண்ணை பெட்டியிலிருந்து சொன்னார். "நான் முதலே படுத்துத்தான் கிடக்கிறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."

பலகை ஒரு மூலையில் நாலு விரல் பதிந்து நின்றது. கட்டு அசையவில்லை. மச்சான் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து, "வெயில்தான் அத்தான். காத்திலை பிழையில்லை" என்றார்.

"காத்திலை பிழையில்லையடா. காத்து நிக்கேல்லை, அவ்வளவுதான்."

அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாளே கராச்காரர் ஸ்பிரிங்கைப் பூட்டினார். எங்கள் பக்கத்தில் பெட்டி எதுவானாலும் வெங்காயம் ஏற்றித்தான் பார்ப்பார்கள். அவரும் அப்படியே சந்தைக்குப் போக இருந்த வெங்காய மூட்டைகளை ஏற்றி, கல்லுத் தரையில் ஓட்டிக் காட்டினார். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த எனக்கு வள்ளத்தில் போகிற மாதிரி இருந்தது. மூட்டைகளை இறக்கி விற்றோம். பிறகு அண்ணையை ஏற்ற முன், பிள்ளையாரை நினைத்து, கராச்காரரை ஓட்டச் சொல்லி நான் ஒருமுறை வெறும் பெட்டியில் படுத்துப் பார்த்தேன். பெட்டி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அச்சோடு பூட்டிய பெட்டியே பரவாயில்லை என்று தோன்றியது.

மச்சான் சிரித்தார். "நான் சொன்னனான்தானே. உது பாரம் கேக்கிற ஸ்பிரிங். பாரம் இல்லாட்டி அது வளையாது, துள்ளும்."

கராச்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு தகட்டைக் கழற்றினால் கொஞ்சம் இளகும், ஆனால் பாரம் வேண்டும்தான் என்று ஒத்துக்கொண்டார். கழற்றிப் பார்த்தோம். கொஞ்சம்தான் இளகியது.

"அப்ப வெங்காயத்தோடை என்னையும் ஏத்தியிருக்கலாம்" என்றார் அண்ணை.

வெங்காயம் போய்விட்டது. கல் ஏற்றினால் உருண்டு காலில் இடிக்கும். மண்ணை மூட்டையாகக் கட்டி ஏற்றுவதென்றால் பை வேண்டும். உரம் வராத காலம், உரப்பை எங்கே இருக்கும்? ஊரில் இருந்த பைகள் எல்லாம் பங்கர்களின் மேல் மண்மூட்டையாக அடுக்கியிருந்தன. எங்களுடையவையும் அங்கேதான் இருந்தன. கொஞ்ச நேரம் எல்லாரும் பங்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 

அண்ணிதான் முதலில் கதைத்தார். "பொம்பர் வந்தால் பிள்ளையளை எங்கை விடுறது?"

"எடுக்க வேண்டாம்" என்றார் அண்ணை. "கால் கட்டையானால் கட்டையாப் போகட்டும். பிள்ளையளுக்கு மேலை இருக்கிற மண்ணிலை கை வைக்க வேண்டாம்."

 எடுப்போம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவருடைய கால், அவர்களுடைய பிள்ளைகள். சுவாமி அறைக்குள் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வந்தபோது அண்ணி வேலிக்கரையில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை நாங்கள் திரும்பி வரும்வரை அவர்களுடைய பங்கரடியில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, நேரே வந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பங்கரின் மேலிருந்த முதல் மூட்டையை அவரே இழுத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், பிடியுங்கோவன்" என்றார்.

மூட்டைகளைப் பெட்டியின் இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் வைக்கோலும் பலகையும் போட்டு அண்ணையைக் கிடத்தினோம். கல்லுத் தரையில் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணையின் வாயில் வேட்டித் தலைப்பு இல்லை. "முன்னாலை பாத்து ஓட்டடா" என்றார்.

பரியாரியார் தடவிப் பார்த்து, எலும்பு அசையாமல் நிற்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு போகிற நாளெல்லாம் காலையில் மூட்டைகளைப் பங்கரிலிருந்து பெட்டிக்கு இறக்கினோம், திரும்பி வந்ததும் பெட்டியிலிருந்து பங்கரில் ஏற்றினோம். இரண்டு தடவை நாங்கள் மேய்ச்சல் வெளியில் போய்க்கொண்டிருந்தபோது பொம்பர் வந்தது. இரண்டு தடவையும் வேறு பக்கம் போய்விட்டது. அது கடவுள் கிருபை, வேறொன்றும் இல்லை.

கடைசி நாளில் பரியாரியார் சிம்பை அவிழ்த்து, ஓர் ஈர்க்கை எடுத்து இரண்டு காலையும் இடுப்பிலிருந்து குதிவரை அளந்தார். ஈர்க்கை எறிந்துவிட்டு, எழும்பச் சொன்னார். அண்ணை என் தோளைப் பிடித்து எழும்பினார். தோளை விடச் சொன்னார் பரியாரியார். அண்ணை விட்டார். கால் மெலிந்து வெளிறியிருந்தது, ஆனால் நேராக நின்றது.

வீட்டுப் படலையடியில் அண்ணை பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தானே இறங்கினார். அண்ணி அவருடைய காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மூட்டையளை இறக்குங்கோ தம்பி. பொழுதுபட முதல் அடுக்கிப்போட வேணும்."

அண்ணையும் ஒரு மூட்டையில் கை வைத்தார். "நீங்கள் போய் இருங்கோ" என்று அண்ணி அதட்டினார்.